அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம்: யாருக்கு எந்த அதிகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிச்சூடு செய்தியானதும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. எந்த அரசு எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்ற குழப்பத்துக்கு மட்டும் பதில் தருகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாமாமே, உண்மையா?

இல்லை. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள், நீதிமன்ற உத்தரவால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் போன்றோர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று மத்திய சட்டமே சொல்கிறது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும், ரைஃபிள் அல்லது ஷாட்கன் வாங்க 18 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

இது நாடு முழுவதற்கும் பொதுவான அடித்தளம். இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி கட்டிக்கொள்கிறது. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்குவதற்கே முன் அனுமதி வேண்டும். வெர்மாண்ட்டில் ஒரு துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல எந்தக் காலத்திலும் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டதில்லை. அதனால் 'அமெரிக்காவில் சட்டம் என்ன?' என்று யாராவது கேட்டால் 'எந்த மாநிலத்தில்?' என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மத்திய அரசே நாடு முழுக்க ஒரே சட்டம் போட்டு முடித்துவிட வேண்டியதுதானே?

இந்தியாவில் ஆயுதங்கள் மத்திய அரசின் பட்டியலில் இருப்பதால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் செல்லும். அமெரிக்க அமைப்பு வேறு மாதிரி. அங்கே மத்திய அரசுக்கு அரசியலமைப்பு எண்ணிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு. கொடுக்காதவை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று பத்தாவது திருத்தம் சொல்கிறது. குற்றத்தைத் தடுப்பது, பொது ஒழுங்கு, உள்ளூர்க் காவல் எல்லாம் அடிப்படையில் மாநிலத்தின் வேலை.

எனவே துப்பாக்கியைத் தொட நினைக்கும்போதெல்லாம் காங்கிரஸ் (அதாவது அமெரிக்க நாடாளுமன்றம்) தன்னிடம் உள்ள ஏதாவது ஓர் அதிகாரத்தின் வழியாகத்தான் நுழைய முடியும். பெரும்பாலும் அது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம், சில சமயம் வரி போடும் அதிகாரம், சில சமயம் பணம் கொடுக்கும் அதிகாரம். 1934இல் மெஷின் கன்னையும் சைலன்சரையும் கட்டுப்படுத்த நினைத்தவர்கள் நேராகத் தடை செய்யவில்லை. கைமாறும்போதெல்லாம் 200 டாலர் வரி, கூடவே பதிவு என்று வைத்தார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. வரிச் சட்டம் என்ற அடிப்படையில்தான் 1937இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

சரி, மத்திய அரசு இதுவரை என்னென்ன சட்டம் போட்டிருக்கிறது?

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். மேலே சொன்ன 1934 சட்டம் முதலாவது. கென்னடி சகோதரர்களும் மார்ட்டின் லூதர் கிங்கும் கொல்லப்பட்ட பின்னணியில் வந்த 1968 சட்டம், கடைகளுக்கு மத்திய உரிமத்தைக் கட்டாயமாக்கி, யார் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற பட்டியலையும் விரிவாக்கியது. 1986 சட்டம் இரண்டு பக்கமும் வெட்டியது: புதிய மெஷின் கன்கள் பொதுமக்கள் கைக்குப் போவதை நிறுத்தியது, அதே நேரம் மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு வைக்கக் கூடாது என்றும் தடுத்தது. 1993இல் பிராடி சட்டம், வாங்க வருபவர் அந்தப் பட்டியலில் வருகிறாரா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையைக் கொண்டுவந்தது. 1994இல் சில வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு வந்த தடை, பத்தாண்டுக் கெடு முடிந்து 2004இல் காலாவதியானது. அப்புறம் 2022இல் ஒரு சட்டம் வந்தது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

இரண்டாவது திருத்தம் துப்பாக்கியை உரிமை என்கிறதே, அப்புறம் எப்படிக் கட்டுப்பாடு?

1791இல் வந்த அந்தத் திருத்தம் முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்களுக்கு அது பொருந்தாது என்பதே நீண்ட காலம் சட்ட நிலை. அது தனிமனிதரின் உரிமையா, மாநிலப் படைகளுக்கான ஏற்பாடா என்பதிலும் சண்டை. 2008இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. ஆனால் அந்த வழக்கு வாஷிங்டன் டி.சி.யைப் பற்றியது. டி.சி. ஒரு மாநிலம் கிடையாது, மத்திய அரசின் நேரடி ஆளுகையில் வரும் பகுதி. அதனால் மாநிலங்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது. 2010இல் சிகாகோ நகரின் கைத்துப்பாக்கித் தடை மீதான மெக்டொனால்ட் வழக்கில், பதினான்காவது திருத்தத்தின் வழியாகப் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

2022இல் புரூயன் வழக்கு அதை இன்னும் இறுக்கியது. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வைத்திருந்த விதி விழுந்தது. இனி எந்தக் கட்டுப்பாடும் அமெரிக்காவின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கீழ் நீதிமன்றங்கள் பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டங்களைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். 2024இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற மத்திய சட்டத்தை 8-1 என ஏற்றார்கள். பழைய சட்டத்தின் அச்சு அசல் நகல் தேவையில்லை, கொள்கை ஒத்துப்போனால் போதும் என்றும் விளக்கினார்கள்.

மத்திய சட்டத்தைவிடக் கடுமையான சட்டத்தை மாநிலம் போடலாமா?

தாராளமாக. 1968 சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது: இரண்டையும் ஒருசேரப் பின்பற்றவே முடியாத அளவுக்கு நேர் முரண் இருந்தால் தவிர, மாநிலச் சட்டத்தை ஒழிப்பது நோக்கம் இல்லை என்று. கலிபோர்னியா 1989இலேயே சில வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. மத்தியத் தடை அதற்கு ஐந்து ஆண்டு கழித்து வந்து, 2004இல் போயும் விட்டது. கலிபோர்னியாவின் தடை தொடர்ந்தது. ஒரே நிபந்தனை, முந்தைய பதிலில் சொன்ன இரண்டாவது திருத்தச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

தனிநபர் விற்பனை இன்னொரு நல்ல உதாரணம். கடை நடத்தாத ஒருவர், அதே மாநிலத்தில் வசிக்கும் இன்னொருவருக்குத் தன் துப்பாக்கியை விற்றால் மத்திய சட்டம் பின்னணிச் சோதனை கேட்பதில்லை. கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ போன்ற மாநிலங்கள் அதற்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கடுமை குறைந்த மாநிலங்களில் மத்திய சட்டத்தின் அடித்தளம் மட்டுமே.

பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி கொண்டு போனவனை உச்ச நீதிமன்றம் விடுவித்ததாமே?

லோப்பஸ் வழக்கைச் சொல்கிறீர்கள். 1992இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்கு ரிவால்வரோடு வந்தார். முதலில் டெக்சஸ் சட்டப்படிதான் வழக்குப் போட்டார்கள், ஏனென்றால் அது அங்கே ஏற்கெனவே குற்றம். பிறகு மத்திய அரசு 1990இல் போட்ட பள்ளி வளாகத் துப்பாக்கித் தடைச் சட்டத்தின்கீழ் வழக்கை எடுத்துக்கொண்டதும் மாநில வழக்கு கைவிடப்பட்டது.

1995இல் உச்ச நீதிமன்றம் கேட்டது பள்ளியில் துப்பாக்கி சரியா என்பதை இல்லை. பள்ளியருகே துப்பாக்கி வைத்திருப்பது எந்த வகையில் மாநிலங்களுக்கிடையிலான வணிகம்? மத்திய அரசின் வழக்கறிஞர்களால் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை, சட்டம் 5-4 என்று செல்லாமல் போனது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக காங்கிரஸின் வணிக அதிகாரத்தை நீதிமன்றம் இப்படி மறுத்ததில்லை என்பதால் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கு பெரிய பெயர். அடுத்த ஆண்டே காங்கிரஸ் 'மாநில எல்லை கடந்து வந்த துப்பாக்கி' என்று ஒரு தொடரைச் சேர்த்து அதே தடையை மறுபடி கொண்டுவந்தது. பெரும்பாலான துப்பாக்கிகள் எப்போதாவது ஒரு மாநில எல்லையைக் கடந்திருக்கும் என்பதால் நடைமுறையில் அதிகம் மாறவில்லை. வார்த்தை ஜாலம் என்று எனக்கே தோன்றும். ஆனாலும் கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன.

மத்திய சட்டம் என்றால் மாநில போலீஸ் அமல்படுத்தித்தானே ஆக வேண்டும்?

இந்த இடத்தில்தான் பலருக்கும் தடுமாற்றம். மத்திய சட்டம் மாநிலத்துக்குள் செல்லுமா என்பது ஒரு கேள்வி. அதை மாநில அதிகாரி கையால் செய்விக்க முடியுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு முடியாது.

பிராடி சட்டம் வந்தபோது கணினி வழித் தேசியச் சோதனை தயாராக இல்லை. அது தயாராகும்வரை, கைத்துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை ஐந்து வேலை நாட்களுக்குள் உள்ளூர்க் காவல் தலைவர் பார்க்க வேண்டும் என்று காங்கிரஸ் எழுதியது. மொன்டானாவின் ஷெரிஃப் (கவுண்டி எனப்படும் மாவட்டம் மாதிரியான பகுதியின் காவல் தலைவர்) ஜே பிரின்ட்ஸும் அரிசோனாவின் ஷெரிஃப் ரிச்சர்ட் மாக்கும் 'எங்களுக்கு வேலை ஏவ நீங்கள் யார்?' என்று வழக்குப் போட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம், மீண்டும் 5-4 கணக்கில், அவர்கள் பக்கம் நின்றது. மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் ஊழியர்களாக்கிக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கவனியுங்கள், பின்னணிச் சோதனை தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. யார் செய்வது என்பதுதான் பிரச்சினை. 1998 நவம்பரில் எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியச் சோதனை முறை தொடங்கியது. மத்திய அரசு தன் ஆட்களை வைத்துச் செய்வதால் யாரும் ஆட்சேபிக்க முடியவில்லை. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை நின்றுவிட்டது. மாநிலங்களிடம் உள்ள தண்டனை, மனநலப் பதிவுகளை அந்தச் சோதனை முறைக்கு அனுப்பும்படி மத்திய அரசால் கட்டளையிட முடியாது. மானியம் தருகிறேன் என்று கேட்கத்தான் முடியும்.

அப்படியானால் 'மத்திய துப்பாக்கிச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது' என்று ஒரு மாநிலம் அறிவித்துவிடலாமா?

முடியாது. உதவ மறுப்பது வேறு, செல்லாது என்பது வேறு. மத்திய சட்டமே மேலானது என்று அரசியலமைப்பு எழுதி வைத்திருக்கிறது. மிசூரி 2021இல் இந்தக் கோட்டைத் தாண்டியது. சில மத்திய துப்பாக்கிச் சட்டங்கள் செல்லாதவை என்று அறிவித்து, அவற்றை அமல்படுத்த உதவும் உள்ளூர்க் காவல் துறைக்கு 50,000 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டது. 2023இல் மத்திய மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளியது, 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மிசூரி தன் போலீஸைச் சும்மா விலக்கிக்கொண்டிருந்தால் பிரின்ட்ஸ் தீர்ப்பு அதற்குத் துணை நின்றிருக்கும். 'உங்கள் சட்டம் செல்லாது' என்ற அறிவிப்பின் மேல் எல்லாவற்றையும் கட்டியதுதான் வினையானது.

இதில் அடிபடுவது சாதாரண ஆள் என்பதற்கு கான்சஸ் சாட்சி. 'கான்சஸிலேயே செய்து கான்சஸிலேயே இருக்கும் துப்பாக்கிக்கும் அதன் துணைக்கருவிக்கும் மத்திய சட்டம் கிடையாது' என்று 2013இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. அதை நம்பி ஒரு கடைக்காரர் பதிவு செய்யாத சைலன்சர் செய்து விற்றார், ஒரு வாடிக்கையாளர் வாங்கினார். இருவர் மீதும் மத்திய அரசு வழக்குப் போட்டு, 2016இல் தண்டனைத் தீர்ப்பு வந்தது. மாநிலச் சட்டத்தை நம்பினோம் என்ற வாதம் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை. சிறை இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார்கள், ஆனால் குற்றவாளிப் பட்டம் ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் கையெழுத்திட்ட அரசியல்வாதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாநிலச் சட்டத்தையே அமல்படுத்த மாட்டேன் என்கிற ஷெரிஃப்களைப் பற்றி?

இங்கே பிரின்ட்ஸ் உதவாது. அந்தத் தீர்ப்பு மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வேலி. கவுண்டி என்பது மாநிலம் உண்டாக்கிய அமைப்பு. மாநிலத்துக்கு எதிராக அதற்குத் தனி இறையாண்மை கிடையாது. 2019-20இல் விர்ஜீனியாவின் பெரும்பாலான கவுண்டிகள் 'இரண்டாவது திருத்தப் புகலிடம்' என்று, அதாவது துப்பாக்கிக் கட்டுப்பாடுகளுக்கு இங்கே ஒத்துழைப்பு இல்லை என்று தீர்மானம் போட்டபோது, அவற்றுக்குச் சட்ட விளைவு எதுவும் இல்லை என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். ஒரேகனில் ஒரு கவுண்டியின் அதே மாதிரியான சட்டத்தை 2023இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாததாக்கியது.

ஆனால் ஷெரிஃப் தேர்தலில் ஜெயித்து வருபவர். எந்த வழக்குக்கு முன்னுரிமை என்பதை அவரே முடிவு செய்கிறார். சத்தமில்லாமல் ஒரு சட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் ஷெரிஃபை வழிக்குக் கொண்டுவருவது காகிதத்தில் தெரிவதைவிடக் கடினம்.

குற்றம் அதிகமுள்ள ஒரு நகரம் தனக்கென்று சட்டம் போடலாமே?

பெரும்பாலான மாநிலங்களில் முடியாது. துப்பாக்கி விஷயத்தை மாநிலமே வைத்துக்கொண்டு நகரங்களுக்குக் கதவடைத்திருக்கிறது. பிலடெல்பியா இதை எதிர்த்து இருமுறை பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996, 2024 இரண்டு முறையும் தோல்வி. புளோரிடா 2011இல் ஒரு படி மேலே போய், மீறும் உள்ளூர் அதிகாரிகள் சொந்தப் பணத்திலிருந்து 5,000 டாலர் வரை அபராதம் கட்ட வேண்டும், பதவியும் பறிபோகலாம் என்று வைத்தது.

கொலராடோ எதிர்த்திசையில் நகர்ந்தது. போல்டர் நகரம் 2018இல் சில வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குப் போட்ட தடையை, மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று 2021 மார்ச் 12 அன்று ஒரு நீதிபதி நிறுத்தினார். பத்து நாள் கழித்து அதே நகரின் பல்பொருள் அங்காடி ஒன்றில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தடை இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டே மாநிலம், நகரங்கள் தன்னைவிடக் கடுமையாகச் சட்டம் போடலாம் என்று மாற்றிக்கொண்டது.

டெக்சஸில் எடுத்துச் செல்ல அனுமதி இருக்கிறது. நியூயார்க்குக்குக் காரில் போகும்போது கொண்டு போகலாமா?

ஓட்டுநர் உரிமம் மாதிரி நினைத்துக்கொண்டு போய் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாநில அனுமதியை இன்னொரு மாநிலம் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படிக் கட்டாயமாக்கும் மசோதா 2017இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது.

கடந்து போவதற்கு மட்டும் 1986 சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருப்பது உங்களுக்குச் சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். வழியில் தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சேரும் இடமே நியூயார்க் என்றால் இது உங்களைக் காப்பாற்றாது.

பம்ப் ஸ்டாக்கை மத்திய அரசு தடை செய்தது, நீதிமன்றம் தடையை நீக்கியது. இப்போது அது சட்டப்படி சரியா?

அரைத் தானியங்கித் துப்பாக்கியைச் சரமாரியாகச் சுட வைக்கும் இந்தக் கருவி 2017 லாஸ் வேகஸ் படுகொலையில் பயன்பட்டது. அதன்பின் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு, இது 1934 சட்டம் சொல்லும் மெஷின் கன்னேதான் என்று விதி போட்டது. 2024இல் உச்ச நீதிமன்றம் 6-3 என அந்த விதியைத் தள்ளியது. இரண்டாவது திருத்தம் இந்தத் தீர்ப்பில் வரவே இல்லை. காங்கிரஸ் எழுதிய வரையறையை ஓர் அமைப்பு தானாக நீட்ட முடியாது என்பதே காரணம். எனவே காங்கிரஸ் நினைத்தால் நாளைக்கே தடை செய்யலாம். பல மாநிலங்களின் சொந்தத் தடைகளும் இந்தத் தீர்ப்பால் விழவில்லை.

என் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி. அதைப் பயன்படுத்தினால் துப்பாக்கி வாங்குவதில் என்ன சிக்கல்?

கான்சஸ் கதையின் இன்னொரு வடிவம் இது. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா பயன்பாடு சட்டவிரோதமே. முதல் பதிலில் சொன்ன பட்டியலில் நீங்கள் வந்துவிடலாம். கடையில் நிரப்பும் மத்திய படிவம், மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும் மத்திய சட்டப்படி தவறுதான் என்று எச்சரித்தே கேள்வி கேட்கிறது. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். இந்தத் தடை இரண்டாவது திருத்தத்தைத் தாங்குமா என்று புரூயனுக்குப் பிறகு நீதிமன்றங்களில் வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மாநிலம் ஒன்றும் தடுக்கவில்லையே, வாங்கலாமா?

மாநிலம் தடுக்காவிட்டாலும் மத்திய சட்டம் தடுக்கிறது. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. பலருக்கும் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் 'வைத்திருப்பது'தான். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு, நாடுகடத்தலுக்கும் காரணமாகலாம். போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

கட்டளையிட முடியாது என்றால், மாநிலங்களை மத்திய அரசு எப்படித்தான் இழுக்கிறது?

பணத்தால். முன்னால் தள்ளிவைத்த 2022 சட்டத்தின் உத்தி இதுவே. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்து வைக்கும் 'ரெட் ஃபிளாக்' சட்டங்களுக்கும் அதுபோன்ற நெருக்கடித் திட்டங்களுக்கும் 75 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எந்த மாநிலத்தையும் சட்டம் போடச் சொல்லவில்லை. ரெட் ஃபிளாக் வேண்டாம் என்ற மாநிலங்கள் அதே பணத்தைப் போதை மறுவாழ்வு நீதிமன்றங்கள் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். கனெக்டிகட் 1999இலேயே இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. ஓக்லஹோமாவோ 2020இல், தன் நகரங்கள் எதுவும் இதைக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டது.

மாநில உரிமை என்று அதிகம் பேசுவது எந்தக் கட்சி?

அந்த நேரத்தில் வாஷிங்டனில் தோற்றுக்கொண்டிருக்கும் கட்சி. கிண்டலாகத் தோன்றினாலும் பதிவுகள் அப்படித்தான் இருக்கின்றன. துப்பாக்கி ஆதரவாளர்கள் கொண்டாடிய பிரின்ட்ஸ் தீர்ப்பைத்தான், குடியேற்றச் சட்டத்துக்கு உதவ மறுக்கும் 'புகலிட நகரங்கள்' இன்று தங்கள் கேடயமாகப் பிடிக்கின்றன. மாநில உரிமை பேசும் அதே குடியரசுக் கட்சியினர்தான், மேலே சொன்ன 2017 மசோதாவில் எல்லா மாநிலமும் மற்ற மாநில அனுமதியை ஏற்க வேண்டும் என்றார்கள். துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது மாநில நீதிமன்றங்களில் வழக்குப் போடுவதை 2005இல் மத்திய சட்டம் பெரிதும் தடுத்தது. அப்போது மாநில அதிகாரத்துக்காக வாதாடியவர்கள் மற்ற கட்சியான ஜனநாயகக் கட்சியினர். அந்த 2005 சட்டத்தில் உள்ள விதிவிலக்கு ஒன்றின் வழியாகவே சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் பலியானவர்களின் குடும்பங்கள் கனெக்டிகட் சட்டத்தைப் பிடித்து வழக்கு நடத்தினார்கள். 2022இல் துப்பாக்கித் தயாரிப்பாளரான ரெமிங்டன் தரப்பு 7.3 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.